குடத்தின் மேல் ஒளிப்பொட்டு

சமையலறைப் பரணில் நெடுநாளாகக் கிடந்த பித்தளைக் குடம் ஒன்றைப் போன மாதம் இறக்கி, புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, ஜன்னலுக்கு எதிரே ஒரு முக்காலியில் வைத்தேன். இரண்டு மீட்டர் தள்ளிக் கேமராவை நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். பிறகு ஒரு மரச்சட்டத்தின் மேல் அதை வலப்பக்கமாக ஆறரை சென்டிமீட்டர் நகர்த்தி இன்னொரு படம் எடுத்தேன். நம் இரு கண்களுக்கும் இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ அவ்வளவுதான். இரண்டையும் ஸ்டீரியோஸ்கோப்பில், அதாவது இடக்கண்ணுக்கு ஒரு படமும் வலக்கண்ணுக்கு மற்றொன்றுமாகக் காட்டும் கருவியில், வைத்துப் பார்த்தபோது குடம் திரண்டு நின்றது, அதில் வியப்பில்லை. நான் தேடியது குடத்தின் வயிற்றில் பளிச்சிட்ட ஜன்னல் வெளிச்சத்தின் பொட்டை. அது குடத்தின் மேல் இல்லை. பித்தளைக்கு உள்ளே, நாலு விரற்கடை ஆழத்தில், இருட்டில் ஏற்றிய விளக்கைப் போல் இருந்தது.

பள்ளியில் படித்த குவியாடிப் பாடந்தான் இது. வெளிப்புறம் குவிந்த கண்ணாடியில் தொலைவிலுள்ள ஒளியின் பிம்பம், அதன் வளைவு ஆரத்தில் பாதி தூரம் உள்ளே தள்ளித் தோன்றும். குடத்தின் வயிறு 15 சென்டிமீட்டர் ஆரம் என்றால், பொட்டு ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உள்ளே இருக்க வேண்டும். ஒரு கண்ணை மூடினால் இந்த ஆழம் மறைந்துவிடும். பொட்டு பித்தளையில் ஒட்டிக்கொள்ளும். இரு கண்ணும் திறந்திருந்தால் மூளை இதைக் கவனிக்கிறது. 1990இல் பிளேக், பியூல்தாஃப் என்ற இரு ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் இதையே காட்டினார்கள்: குவிந்த பரப்பின் ஒளிப்பொட்டு பரப்புக்குப் பின்னால் இருந்தால்தான் பார்ப்பவருக்கு அது பளபளப்பாகத் தெரிகிறது, இடம் தவறினால் பளபளப்பு செத்துவிடுகிறது.

அடுத்து, அதே குடத்தை பிளெண்டர் என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் வடித்தேன். இரட்டைப்படங்களை உருவாக்கும் வசதி அதில் 2015 முதல் இருக்கிறது. கண் இடைவெளி 6.5 சென்டிமீட்டர், பார்வை குவியும் தூரம் 1.95 மீட்டர் என்று அதுவே இட்டு வைத்திருக்கிறது. இரண்டாவது எண் முதலாவதைப் போல் சரியாக முப்பது மடங்கு என்பதைக் கண்டபோது, பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கே இரு லென்ஸ்களின் இடைவெளி என்ற பழைய ஸ்டீரியோ புகைப்படக்காரர்களின் கணக்கு மென்பொருளுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன். குடத்தை இருவகையாக வரைந்தேன். ஒன்றில் ஒளிக்கதிர்கள் எங்கெங்கே பட்டுத் திரும்புகின்றன என்பதை முழுமையாகக் கணக்கிட்டது; அதாவது பாத் ட்ரேசிங். மற்றொன்றில் அந்தப் பொட்டைப் பரப்பின் மேலேயே வண்ணமாகத் தீட்டினேன். தனித்தனிப் படமாகப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். இரட்டைப்படமாகப் பார்த்தால், முதலாவது பித்தளை. இரண்டாவது, சுண்ணாம்புப் பொட்டு வைத்த மஞ்சள் பிளாஸ்டிக்.

இந்தப் பதிவு முழுவதும் அந்தப் பொட்டைப் பற்றியதுதான். கணினி வரைகலை போகும் திசையில் இன்று இரண்டு ஓட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, ஒளியை மேலும் மேலும் உண்மையாகக் கணக்கிடுவது. மற்றொன்று, கணக்கிடாத பகுதியை, பல படங்களிலிருந்து கற்றுக்கொண்ட அனுபவத்தால் ஊகித்து நிரப்புவது. தட்டைத் திரையில் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அழகைத் தருகின்றன. ஸ்டீரியோவுக்கு முதலாவது உறவு, இரண்டாவது சந்தேகத்துக்குரிய விருந்தாளி என்பது என் கருத்து.

இரட்டைப்படம் பிறந்ததே வரைகலையில்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறோம். சார்லஸ் வீட்ஸ்டோன் 1838இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தமது ஸ்டீரியோஸ்கோப்பை விளக்கியபோது புகைப்படக்கலை இன்னும் உலகுக்கு அறிவிக்கப்படவில்லை. அவர் கண்ணாடிகளின் முன் வைத்தவை கோட்டுச் சித்திரங்கள்: இடக்கண்ணுக்கு எப்படித் தெரியும், வலக்கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று வடிவியல் கணக்குப்படி கையால் வரைந்த கனவுருக்கள். மறு ஆண்டே புகைப்படம் வந்து அந்தக் கணக்கைத் தேவையற்றதாக்கிவிட்டது. இரண்டு லென்ஸ் போதும், உலகமே தன்னை வரைந்துகொள்ளும் என்றாகிவிட்டது. அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்டீரியோ என்றால் புகைப்படம் என்றே பொருள். கணினி மீண்டும் உள்ளே வந்தது 1960 வாக்கில், பெல் ஆய்வுக்கூடத்தில் பேலா யூலெஸ் என்பவர் தாறுமாறான புள்ளிகளால் ஆன இரு சதுரங்களை உருவாக்கியபோது. ஒவ்வொன்றையும் தனியே பார்த்தால் அரிசியைக் கொட்டியதுபோல் வெறும் இரைச்சல். நடுப்பகுதிப் புள்ளிகளை மட்டும் ஒரு படத்தில் சற்றே நகர்த்தியிருந்ததால், இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஒரு சதுரம் காற்றில் மிதந்தது. ஆழத்தை உணர, பொருள் இன்னதென்று அறிந்திருக்கக்கூடத் தேவையில்லை என்பதை அந்தப் புள்ளிகள் காட்டின. 1968இல் ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் திரையைச் செய்தபோது, கோடுகளால் ஆன உருவங்கள் தலையின் அசைவுக்கேற்ப அந்தக் கணமே மறுபடி வரையப்பட்டன. வீட்ஸ்டோன் கையால் செய்த கணக்கை இப்போது இயந்திரம் செய்தது.

ஆனால் எண்பதுகளுக்குப் பிறகு வளர்ந்த விளையாட்டு வரைகலை ஒற்றைக்கண் கலையாகவே வளர்ந்தது. 2010 வாக்கில், நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் ஒரு திரையும், மாறி மாறி மூடித் திறக்கும் கண்ணாடியும் வாங்கி, எனக்குப் பிடித்த ஒரு விளையாட்டை அதில் ஓடவிட்டேன். அன்று கண்ட காட்சி இன்னும் நினைவில் இருக்கிறது. தூரத்து மரங்கள் எல்லாம் அட்டையில் வெட்டி நட்டவை. செங்கல் சுவரின் மேடுபள்ளங்கள் சுவரொட்டியில் அச்சிட்டவைபோல் தட்டையாகக் கிடந்தன. நிழல்கள் தரையில் விழாமல், தரைக்கும் எனக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் நின்றன. குளத்து நீரில் ஒரு கண்ணுக்குக் கோபுரத்தின் பிம்பம் இருந்தது, மறுகண்ணுக்கு அது இல்லை. ஆண்டுக்கணக்கில் நான் ரசித்த ஊர் தெருக்கூத்துத் திரைச்சீலையாகச் சுருங்கிப்போனது.

இவற்றில் எதுவும் பிழையன்று. ஒவ்வொன்றும் கெட்டிக்காரத்தனமான சிக்கனம். பரப்பின் மேடுபள்ளத்தை உண்மையில் செதுக்காமல், அது ஒளியைத் திருப்பும் கோணத்தை மட்டும் மாற்றினால் ஒற்றைக் கண் ஏமாறுகிறது. பிம்பத்தைக் கணக்கிடாமல், திரையில் ஏற்கெனவே வரைந்த பிக்சல்களிலிருந்தே எடுத்து ஒட்டினால் வேகம் மிச்சமாகிறது. இரண்டாவது கண் வந்தவுடன் இந்தச் சிக்கனம் எல்லாம் அம்பலமாகிறது. அந்த வகைக் கண்ணாடிகளும் திரைகளும் சில ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்ததற்குத் தலைவலியும் விலையும் காரணம் என்பார்கள். வரைகலையே அன்று இரண்டு கண்ணுக்கும் பதில் சொல்லத் தயாராக இல்லை என்பதையும் நான் சேர்த்துச் சொல்வேன்.

2018இல் என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் வரைகலை அட்டைகள் வந்தபோது, கதிர்களைப் பின்தொடர்ந்து கணக்கிடும் முறை, திரைப்படக் கூடங்களின் இரவு நேர வேலையாக இருந்தது மாறி, வீட்டு மேசைக்கு வந்தது. விளம்பரங்கள் ஈரச் சாலையில் மின்னும் விளக்குகளைக் காட்டின. ஸ்டீரியோ ஆர்வலனான எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. கதிர்களைக் கணக்கிட்டால் நிழல் விழவேண்டிய இடத்தில் விழும், பிம்பம் இருக்கவேண்டிய ஆழத்தில் இருக்கும். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக யாரும் சரிசெய்ய வேண்டியதில்லை. அதோடு, சுவரில் பட்டுச் சிதறும் மங்கிய ஒளி இரு கண்ணுக்கும் ஒன்றே என்பதால், அதை ஒருமுறை கணக்கிட்டு இருவருக்கும் பங்கிடலாம். பளபளப்பைத்தான் கண்ணுக்குக் கண் தனியே கணக்கிட வேண்டும். இரண்டு படம் என்றால் இரண்டு மடங்கு வேலை என்ற பழைய அச்சம் அந்த அளவுக்குக் குறைகிறது.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. தலையில் மாட்டும் ஸ்டீரியோ திரையான ஹெட்செட்டில் நொடிக்கு 90 முறை இரு படங்களையும் வரைய வேண்டுமானால், ஒவ்வொரு சோடிக்கும் கிடைப்பது 11 மில்லிநொடி. அதற்குள் பிக்சலுக்கு ஒன்றிரண்டு கதிர்களைத்தான் அனுப்ப முடியும். வரும் படம் மணல் தூவியதுபோல் இருக்கும். அந்த மணலை நீக்குவது கற்றுக்கொண்ட மென்பொருள். குடத்தை நான் மிகக் குறைந்த கதிர்களோடு வரைந்து பார்த்தேன். இரு கண்ணுக்கும் மணலின் அமைப்பு ஒன்றாகவே இருந்தபோது, அது குடத்தின் மேல் இல்லாமல் திரைப்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டது. அழுக்கு ஜன்னல் கண்ணாடி வழியே குடத்தைப் பார்ப்பதுபோல் இருந்தது. மணலை இரு கண்ணுக்கும் வெவ்வேறாக மாற்றியபோது அழுக்குக் கண்ணாடி போய், குடம் முழுவதும் பட்டுச்சேலைபோல் மினுமினுத்தது. பிறகு மணல் நீக்கியை ஓடவிட்டேன். ஒவ்வொரு படமும் தனியே கண்ணாடித் துல்லியம். இரண்டையும் சேர்த்தால், குடத்தின் கழுத்தில் இருந்த மெல்லிய கீறல்கள் இடக்கண்ணுக்கு ஒருவிதமாகவும் வலக்கண்ணுக்கு வேறுவிதமாகவும் ஊகிக்கப்பட்டிருந்தன. அந்தக் கழுத்தின் மேல் பார்வை நிலைகொள்ளாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. குறைந்த பிக்சல்களை வரைந்து பெரிதாக்கும் மென்பொருளுக்கும், அடுத்தடுத்து வரும் இரு படங்களுக்கு நடுவே இல்லாத படத்தைச் செருகும் மென்பொருளுக்கும் இதே குறை வரக்கூடும். ஊகிப்பதானால் இரண்டு கண்ணையும் ஒரே மூச்சில் வைத்து ஊகிக்க வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றொன்றுக்குப் போகும் ஊகம் ஸ்டீரியோவுக்கு ஆகாது.

இதைவிடப் பெரிய மாற்றம், சோடி என்பதே மறைந்துவருவது. இத்தனை காலமும் ஸ்டீரியோ என்றால் நிலைத்த இரண்டு படங்கள். அந்த நிலைப்புதான் அதன் தீராத நோய் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். ஒரு திரைப்படத்தில் தொலைதூர மலை இரு கண்ணுக்கும் திரை அகலத்தில் ஒரு சதவீதம் விலகித் தெரியும்படி எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் அகலத் தொலைக்காட்சியில் அந்த விலகல் 10 மில்லிமீட்டர். மலை திரைக்குச் சற்றுப் பின்னால் வேலி தாண்டி நிற்கும். 12 மீட்டர் அகலத் திரையரங்கில் அதே விலகல் 120 மில்லிமீட்டர். நம் கண் இடைவெளியைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. அதைப் பார்க்க இரு கண்களும் காதுகளை நோக்கி விரிய வேண்டும், அவை அப்படி விரிவதில்லை. ஆகவே பெரிய திரைக்காக அடக்கி எடுத்த படம் வீட்டில் சப்பையாகவும், வீட்டுக்காகத் தாராளமாக எடுத்த படம் அரங்கில் வேதனையாகவும் ஆகும். போதாக்குறைக்கு, நம் வீடுகளில் பாதிப்பேர் தொலைக்காட்சியைப் பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி பார்ப்பவர்கள். தலை சாய்ந்த கணமே சோடி குலைந்துவிடும். 2009 இறுதியில் 'அவதார்' கிளப்பிய அலையில் வீட்டுக்கு வீடு த்ரீடி தொலைக்காட்சி வரும் என்றார்கள். 2016இல் சாம்சங்கும், 2017இல் எல்ஜியும் சோனியும் கைவிட்டன.

இரண்டு படங்களைச் சேமிக்காமல் காட்சியையே சேமித்தால், பார்ப்பவரின் திரை அளவு, கண் இடைவெளி, தலைச் சாய்வு எல்லாவற்றுக்கும் பொருத்தமான சோடியை அந்தக் கணமே வரைந்துகொள்ளலாம். எண்ணம் புதிதன்று. பிரெஞ்சு இயற்பியலாளர் காப்ரியேல் லிப்மன் 1908இலேயே, ஈயின் கண்போல் பல நுண்லென்ஸ்கள் பதித்த தகட்டில் எல்லாக் கோணத்து ஒளியையும் ஒருசேரப் பிடிக்கலாம் என்று எழுதினார். 1996இல் லெவோய், ஹான்ரஹான் என்ற கணினி ஆய்வாளர்கள் இருவரும் அதைக் கணினியில் செய்துகாட்டினார்கள். ஆனால் படங்களின் குவியல் மலைபோல் வேண்டியிருந்தது. 2020இல் வந்த நெர்ஃப் முறை, சில பத்துப் புகைப்படங்களிலிருந்து ஒரு காட்சியை நரம்பியல் வலைக்குள் பதித்து, எடுக்காத கோணங்களையும் வரைந்தது. அழகாக இருந்தது, ஆமை வேகம். 2023இல் பிரான்சின் இன்ரியா ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட காசியன் ஸ்பிளாட்டிங், காட்சியை லட்சக்கணக்கான மெல்லிய வண்ணப் பஞ்சு உருண்டைகளாக உடைத்து, 1080பி அளவில் நொடிக்கு 30 படங்களுக்கும் மேல் வரையும் வேகத்தைக் கொண்டுவந்தது. இதிலும் குறை உண்டு. உருண்டைகளை முன்பின் வரிசைப்படுத்தித்தான் வரைகிறது என்பதால், தலையைத் திருப்பும்போது வரிசை மாறி இலைகளின் விளிம்பு திடீரெனத் துள்ளும். பொறுத்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்த்திசையில், ஒரே படத்திலிருந்து ஆழத்தை ஊகிக்கும் மென்பொருள் வந்துகொண்டிருக்கிறது. 'டைட்டானிக்' படத்தை 2012இல் த்ரீடியாக மாற்ற 60 வாரமும் 1.8 கோடி டாலரும் ஆயின; மனிதர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளின் விளிம்பையும் வெட்டி ஆழம் கொடுத்தார்கள். இன்று ஒரு தனிப் புகைப்படத்துக்கு ஏறத்தாழ அதே வேலையைச் சில நொடிகளில் செய்கிறார்கள். ஆப்பிள் 2024இல் தன் ஹெட்செட்டின் மென்பொருளிலேயே இதைச் சேர்த்துவிட்டது. கைப்பேசியில் எடுக்கும் ஸ்டீரியோ வீடியோவும் பாதி இந்த வகைதான். லென்ஸ்களுக்கு நடுவே இரண்டு சென்டிமீட்டர் அளவே இடைவெளி. இரண்டும் ஒரே வகை லென்ஸும் அல்ல. எடுத்த படத்துக்கும் பார்க்கும் படத்துக்கும் நடுவே நிறையக் கணக்கு நடக்கிறது.

ஸ்டூடியோவில் அந்தக் காலத்தில் எடுத்த பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை இப்படி மாற்றி, ஹெட்செட்டில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். "முகமெல்லாம் அப்படியே இருக்கு. ஆனா கொலுவுல வச்ச பொம்மை மாதிரி இருக்குடா. மூக்குத்தி மின்னவே இல்ல பாரு" என்றார். அவர் சொன்ன பிறகுதான் நான் கவனித்தேன். உண்மையான இரட்டைப்படத்தில் வைரத்தின் ஒரு பட்டை ஒரு கண்ணுக்கு வெள்ளையாகவும் மறுகண்ணுக்குக் கறுப்பாகவும் இருக்கும். அந்த முரண்தான் மின்னல். ஒற்றைப் படத்திலிருந்து எடுத்தால் இரு கண்ணுக்கும் ஒரே வெள்ளைப் புள்ளி. காதுக்குப் பின்னால் தெரிந்திருக்க வேண்டிய பூச்சரத்தின் துண்டு இடக்கண் படத்தில் கூந்தலாக நிரப்பப்பட்டிருந்தது. பாட்டி அன்று பூ வைத்திருந்தார் என்பது வலக்கண் ஓரத்தில் எட்டிப்பார்க்கும் இரண்டு மொட்டுகளால் தெரிகிறது. மென்பொருள் எதையும் அழிக்கவில்லை. தனக்குத் தெரியாததை நிரப்பியது. ஆனாலும், இரண்டு கண்ணாலும் கண்டதற்கே நாம் தரும் நம்பிக்கையை ஒரு கண் கண்டதற்கும் ஓர் ஊகத்துக்கும் சேர்த்துத் தரவேண்டியிருக்கிறது என்பது எனக்கு உறுத்துகிறது. குடும்பப் படத்தில் அது சிறு விஷயம். கல்வெட்டையோ விபத்து நடந்த இடத்தையோ இரட்டைப்படமாக ஆவணப்படுத்துபவர், எது எடுத்தது, எது நிரப்பியது என்று குறித்தே ஆக வேண்டும்.

வரைகலையால் மட்டும் தீராத ஒன்றும் இருக்கிறது. கையில் பிடித்த புத்தகத்தைப் பார்க்கும்போது நம் கண்கள் உட்புறம் குவிவதும், கண்ணின் லென்ஸ் அந்தத் தூரத்துக்குத் தன்னைத் திருத்திக்கொள்வதும் சேர்ந்தே நடக்கும். இன்றைய ஹெட்செட்டுகள் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு மீட்டர் வாக்கில் நிலையான ஒரே குவியத்தைத் தருகின்றன. மூக்கருகே வந்த வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கக் கண்கள் குவியும், லென்ஸ் மட்டும் தூரத்திலேயே நிற்கும். அந்த இழுபறிதான் களைப்பு. தீர்வு ஒளியியலில், பல குவியத் தளங்களைத் தரும் திரைகளில்தான் வரவேண்டும். வந்தால், அவற்றுக்கு ஊட்ட ஆழம் அறிந்த காட்சி தேவை. பழைய சோடிகளிடம் அது இல்லை.

கண்ணாடி மாட்டாமல் பார்க்கும் திரைகளும் இதே பக்கம் சாய்கின்றன. 2025இல் சாம்சங் விற்பனைக்குக் கொண்டுவந்த ஒடிசி த்ரீடி திரை, பார்ப்பவரின் கண்களைக் கேமராவால் தொடர்ந்து, அந்த இடத்துக்கென்று இரு படங்களை அனுப்புகிறது. கூகுளின் பீம் என்ற காணொலி உரையாடல் கருவி, ஆறு கேமராக்களால் எதிரே இருப்பவரைப் பிடித்து, அவர் உருவத்தை மறுமுனையில் கணக்கிட்டுக் கட்டுகிறது. இவற்றில் எதற்குள்ளும் இடக்கண் படம், வலக்கண் படம் என்று நிலையாக இரண்டு இல்லை.

ஆகவே என் பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். மரச்சட்டத்தில் எடுக்கும் சோடியை விடவில்லை. ஆறரை சென்டிமீட்டர் என்று நோட்டில் எழுதி, கைபடாமல் எடுத்துவைக்கிறேன். அதோடு, பொருளைச் சுற்றி நடந்து நூறு படங்கள் எடுக்கிறேன். குடத்துக்கும் அப்படி எடுத்து, என்னுடைய பழைய வரைகலை அட்டையில் காசியன் ஸ்பிளாட்டிங்கை இரவு முழுக்க ஓடவிட்டேன். காலையில் திறந்து பார்த்தபோது பித்தளை பித்தளையாகவே இருந்தது. பொட்டும் உள்ளே தள்ளியே இருந்தது. குவியாடியைப் பற்றி அந்த நிரலுக்கு யாரும் சொல்லவில்லை. எப்படிச் சமாளித்தது என்று பார்க்க, காட்சிக்குள் நகர்ந்து, குடத்தின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு உள்ளே போனேன். இருட்டில், சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, வெள்ளைப் பஞ்சு உருண்டைகளாகச் சிதறி, ஓரங்கள் கலைந்த ஒரு சின்ன ஜன்னல் தொங்கிக்கொண்டிருந்தது.